சடையன் வழக்கில் நான் கேட்காத கேள்வி

நான் தண்டனை வாங்கிக்கொடுத்த வழக்குகளைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். அப்படிப் பேசச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல். அதனால், புதிதாக அரசு வழக்கறிஞர்களாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "சார், உங்க அனுபவத்துல ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. நீங்கள் படியிறங்குவதற்குள் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் நான் ஜெயித்த வழக்குகளைத்தான் எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு மேல் எனக்கே படிக்க முடியவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் ஒருவனோடு உட்கார்ந்து டீ குடிக்கக்கூட முடியாது என்று தோன்றியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு சடையன் வழக்கை எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது, இப்படி ஒரு தப்பை நாம் செய்ய மாட்டோம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சடையன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையிலிருந்து இன்னும் மேலே நடந்து போக வேண்டிய ஊர். மலையில் வேலை இல்லாத மாதங்களில் அவரும் அவர் மனைவி வெள்ளச்சியும் கீழே இறங்கி, சின்னசேலம் பக்கத்தில் ஒரு சேகோ பேக்டரியில் வேலை பார்த்தார்கள். சேகோ பேக்டரிக்குள் போயிராதவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து, அரைத்து, அந்தப் பாலைப் பெரிய தொட்டிகளில் தேக்கி வைப்பார்கள். மாவு அடியில் படியும். அதை உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. சடையனுக்குத் தோல் உரிக்கும் மெஷினில் வேலை. வெள்ளச்சிக்குக் களத்தில்.

அந்த மெஷினுக்கு மேல்மூடி கிடையாது. ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போயிருந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் சோதனைக்கு வந்த அன்று மேனேஜர் அவரை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, நல்லபடியாக வழியனுப்பப் பார்த்தார். சடையன் குறுக்கே போய், "ஐயா, வந்தது வந்தீங்க, மெசினயும் ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நாலாவது நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. மேனேஜர் சடையனைத் தொட்டிக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். இரண்டு தொழிலாளிகள் அதைப் பார்த்தார்கள். களத்தில் சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த வெள்ளச்சியும் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து மேனேஜர் மட்டும் வெளியே வந்தார். எப்போதும் சட்டை கசங்காமல் நடக்கிற மனுஷன், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மாவோடு வந்தார். "எங்க வூட்டுக்காரர் எங்கங்க?" என்று வெள்ளச்சி கேட்டதற்கு, "அவன் பின்வாசல் வழியா மலைக்குப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்திரம் மாவு வெட்டுவதற்காகத் தொட்டியை வடித்தார்கள். அடியில் சடையன் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

போலீஸ் கொலை வழக்குப் போட்டது. குற்றம் சாட்டப்பட்ட எதிரி மேனேஜர் ஒருவர்தான். தொட்டி விளிம்பில் நடந்துகொண்டிருந்த ஆள் வழுக்கி விழுந்து மண்டையை இடித்துக்கொண்டு பாலில் மூழ்கிச் செத்தார் என்பது அவர் தரப்பு. வழக்கு என் கைக்கு வந்தபோது நான் அரசு வழக்கறிஞர் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அது ஆபத்தான வயது. முதல் வருஷத்தில் நாம் கேஸ் கட்டை வரி விடாமல் படிப்போம். ஆறாவது வருஷத்தில் கட்டின் கனத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று நம்பத் தொடங்கிவிடுவோம்.

விசாரணை தொடங்கிய முதல் நாளே இரண்டு தொழிலாளிகளும் பிறழ் சாட்சியானார்கள். தான் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றார் ஒருவர். இன்னொருவர் அந்த பேக்டரியில் தொட்டியே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். எனக்கு மிச்சமிருந்தது வெள்ளச்சியும், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரும்.

வெள்ளச்சி கூண்டில் ஏறி நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அழவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். புருஷன் உள்ளே போனது, மேனேஜர் வெளியே வந்தது, கையில் மாவு. எல்லாம் சொல்லிவிட்டு, தானாகவே தொடர்ந்தார்.

"அப்பறம் அவரத் தூக்கியாந்து களத்துல போட்டாங்க. நான்தான் முந்தானையால மூஞ்சியத் தொடச்சேன். தொடைக்கறப்ப மூக்குல..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். இதை நான் முரட்டுத்தனமாகச் செய்யவில்லை, புத்திசாலித்தனமாகச் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். போலீஸ் வருவதற்கு முன்னால் பிணத்தின் முகத்தைத் துடைத்தேன் என்று சாட்சி சொன்னால், தடயத்தை அழித்துவிட்டாள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் வாயை அடைத்தேன். சாட்சியைக் கைப்பிடிக்குள் வைத்திருப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை எனக்கு வைத்ததும் நான்தான்.

டாக்டர் வந்த நாளில் எனக்கு வேறொரு முக்கியமான அலுவல் இருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினர். மூன்று மணிக்குக் கோணிப்பை ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைகளுக்கு நான்தான் டிபன் பாக்ஸ் கொடுக்க வேண்டும். டாக்டரை ஏற்றி, காயத்தின் நீளம் அகலம் கேட்டு, அந்தக் காயத்தால் மரணம் நேரும் என்று சொல்லவைத்து, அறிக்கையைச் சான்றாவணமாகக் குறியிட்டு, பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிரிக்காக வந்திருந்தவர் கடலூரிலிருந்து வந்த சீனியர். வெள்ளி முடி, மெதுவான குரல், கையில் சொந்தப் பிளாஸ்க். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், வழுக்கி விழுந்து தொட்டியோட சிமெண்ட் விளிம்புல பின்மண்டை இடிச்சாலும் இந்தக் காயம் உண்டாகலாம் இல்லையா?"

"உண்டாகலாம்."

சீனியர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி என்னைப் பார்த்து, "டாக்டரிடம் மறுபடி கேட்க ஏதாவது உண்டா, மறுவிசாரணை?" என்றார். நான் பாதி எழுந்து, சிரித்த முகத்தோடு, "இல்லை" என்றேன். அந்தச் சிரிப்பு ஏன் என்றால், ஒரே கேள்வியோடு உட்கார்ந்த மனுஷனைப் பார்த்து, இவ்வளவுதானா உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தேன். ரிஷிவந்தியத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். அங்கே 'விழிப்போடு இருங்கள்' என்று அரை மணி நேரம் பேசினேன். நல்ல கைத்தட்டல்.

தீர்ப்பில் விடுதலை. இரண்டு சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் இறந்தவரின் மனைவி, அதனால் சார்புள்ளவர். சேகோ பேக்டரியில் ஒருவர் கையில் மாவு ஒட்டியிருந்ததில் வியப்பில்லை. விழுந்தும் காயம் ஏற்படலாம் என்று மருத்துவரே சொல்கிறார். ஆகவே சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. நீதிபதி இதை நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். வெளியே மேனேஜருக்கு மாலை போட்டார்கள். சீனியர் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி காபி ஊற்றிக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். காபி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட் வாசலில் வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்துட்டாங்கம்மா."

"யாரு மேலங்க சந்தேகம்?"

சட்டத்தில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. ஆனால் அதை அவரிடம் சொல்ல வரவில்லை. "அடுத்த வாரம் வந்து பாரும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

விடுதலைத் தீர்ப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நடத்திய அரசு வழக்கறிஞர்தான் மேல்முறையீட்டுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று கருத்துரை எழுத வேண்டும். அது கலெக்டர் அலுவலகம் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், அரசு சம்மதித்தால் தொண்ணூறு நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் விழ வேண்டும். 'தகுதி இல்லை' என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் வேலை மிச்சம், கட்டு பரணுக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டில் இருக்கும் அழகைப் பாருங்கள். கேஸைக் கெடுத்தவனிடமே, கேஸ் கெட்டதா என்று எழுதிக் கேட்கிறார்கள்.

அதற்கென்று என்னிடம் ஒரு பத்தி தயாராக இருந்தது. 'சாட்சியங்களை விரிவாகப் பரிசீலித்ததில், விசாரணை நீதிமன்றத்தின் முடிவில் குறுக்கிடத்தக்க வலுவான காரணம் ஏதும் இல்லை.' இதை நான் எத்தனை வழக்குகளுக்கு எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தெரியும். சங்கராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். தீர்ப்பு நகல் கிடைத்து, அது என் மேஜையில் ஊறிக் கிடந்து, ஒரு நாள் நான் சடையன் வழக்குக்குச் சொல்ல ஆரம்பித்தபோது, அவர் தாளைச் செருகிக்கொண்டே, "பேரையும் நம்பரையும் மட்டும் சொல்லுங்க சார், மத்தது எனக்கு மனப்பாடம்" என்றார். அதில் கேலி இருந்ததா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இருந்தது.

அடித்த தாளில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதற்குள் வெள்ளச்சி இரண்டு முறை வந்துபோயிருந்தார். மலையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து கோர்ட்டுக்கு நடந்து வருவார். இரண்டு முறையும் நான் என் அறைக்குள் இருந்துகொண்டே, கோர்ட்டில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். ஏன் ஒளிந்தேன் என்று கேட்டால், அன்று என்னிடம் பதில் இருந்திருக்காது. மூன்றாவது முறை அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "கோர்ட்லதான இருக்காரு, வெளிய வராமயா பூடுவாரு" என்று டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து மத்தியானம் வரை அசையவில்லை. எனக்குப் பசி. வேறு வாசல் இல்லை. உள்ளே கூப்பிட்டேன்.

"அப்பீல் போட முடியாதும்மா. டாக்டரே வுழுந்தும் அடிபட்டிருக்கலாம்னு சொல்லிட்டாரு."

"வுழுந்து சாவலீங்க."

"நீ சொன்னாப் போதுமா?"

"ஐயா, நான் நாலு வருசம் அந்த பேக்டரில இருந்தேன். ஒரு நாளு கன்னுக்குட்டி ஒண்ணு தொட்டில வுழுந்து செத்துப்போச்சு. தூக்கிப் போட்டா வாயி, மூக்கு, தொண்ட எல்லாம் மாவு. அடச்சிக்கினு இருந்துச்சு. குச்சி வுட்டு நோண்டுனாலும் வரல. எங்க வூட்டுக்காரர் மூஞ்சிய நான்தான் தொடச்சேன். மேலதான் மாவு. மூக்குக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. வாயத் தொறந்தும் பாத்தேன். காலி. பாலுக்குள்ள வுழுந்தவரு மூச்சு வுடாமயா இருந்தாரு?"

கூண்டில் அவர் சொல்ல வந்தது இதுதான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஞானம் வரவில்லை. மருத்துவ விஷயத்தை இந்த அம்மாவா எனக்குச் சொல்லித்தருவது என்று, அவர் வாயை அடைக்கவே பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்தேன். நானே கோர்ட்டில் குறியிட்ட அறிக்கை. முதல் பக்கத்தை நான் நன்றாக அறிவேன். அதில்தான் காயத்தின் நீள அகலம் இருக்கிறது. அன்றுதான் முதல் தடவையாகப் பக்கத்தைத் திருப்பினேன்.

மூச்சுக்குழாய் காலி. நுரையீரலில் வெளிப்பொருள் ஏதுமில்லை. வயிற்றில் மாவோ பாலோ இல்லை. மண்டைக்குள் நிறைய ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது.

கட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் அவ்வளவு கசிந்து உறைய வேண்டுமென்றால், அடிபட்ட பிறகு சடையன் கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்திருக்கிறார். உயிரோடு இருந்தவர் மூச்சு விட்டிருக்கிறார். ஆனால் ஒரு துளி பால்கூட உள்ளே போகவில்லை. அப்படியானால் உயிர் இருந்த வரைக்கும் அவர் தொட்டிக்கு வெளியே கிடந்திருக்கிறார். செத்த பிறகுதான் உள்ளே போயிருக்கிறார். செத்தவர் எழுந்து நடந்து போய்த் தொட்டியில் வழுக்கி விழ மாட்டார்.

அந்த முக்கால் மணி நேரம் மேனேஜர் கொட்டகைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த அறிக்கையை எங்கள் கோர்ட்டில் முழுசாகப் படித்தவர் ஒருவர்தான் இருந்திருக்கிறார் என்பதும் கூடவே புரிந்தது. கடலூர் சீனியர். அதனால்தான் ஒரே கேள்வியோடு உட்கார்ந்தார். இரண்டாவது கேள்வி கேட்டால் டாக்டர் மிச்சத்தையும் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். அந்த இரண்டாவது கேள்வி என்னுடையது. நான் அதைக் கேட்காமல் டிபன் பாக்ஸ் கொடுக்கப் போய்விட்டேன்.

வெள்ளச்சியிடம், "பாக்கறேன், நீ போம்மா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தொண்ணூறு நாளில் பதினொரு நாள் மிச்சமிருந்தது.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தப்பு செய்வது பெரிய விஷயமில்லை, எல்லோரும் செய்கிறோம். கண்டுபிடித்த பிறகு வரும் இரண்டு நாள்தான் விஷயம். மேல்முறையீட்டுக்குத் தகுதி உண்டு என்று எழுத வேண்டுமானால், ஏன் என்று எழுத வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை, குறியிடப்பட்ட அறிக்கையை நீதிபதி படிக்கவில்லை. இரண்டையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நீதிபதி முன்னால்தான் தினமும் காலையில் போய் நிற்கிறேன்.

வழக்கைப் புலனாய்வு செய்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார் இது. வுட்டுப் போன கேஸு. உங்க தலையில நீங்களே கல்லத் தூக்கிப் போட்டுக்கினு, எங்களயும் சேத்து இழுத்து வுடறீங்க. அந்தம்மா மூஞ்சத் தொடச்சத வாக்குமூலத்துல எழுதாத வுட்டது நாங்கதான்னு மேல கேப்பாங்க."

"எழுதியிருக்கணும் இல்ல?"

"நீங்களும் கேட்டிருக்கணும் இல்ல சார்?"

அன்றைக்கு அந்த அறையில் இருந்த நேர்மை அவ்வளவுதான். பிறகு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உங்களுக்கும் தோன்றும் வழி என்பதால் சொல்கிறேன். டைப்பிஸ்ட் அம்மாவை உட்காரவைத்து, 'மருத்துவ சாட்சி முக்கியமான விவரங்களை நீதிமன்றத்தில் தெரிவிக்கத் தவறிவிட்டார்' என்று ஆரம்பித்தேன். தட்டச்சுச் சத்தம் நின்றது.

"இந்த டாக்டர்தான அறிக்கையில எழுதி வச்சிருக்காரு சார்?"

"ஆமா."

"அப்ப அவரு எங்க தவறுனாரு?"

"நீங்க அடிங்கம்மா."

"அடிக்கிறேன் சார். ஆனா இத ஹைகோர்ட்ல யாராவது படிப்பாங்க இல்ல? எங்கிட்ட இருக்கிற மூளைகூடவா அவங்ககிட்ட இருக்காது?"

தாளை உருவி எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாளைச் செருகிக் காத்திருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கோர்ட் வளாகத்தில் யாரோ கட்சிக்காரர்கள் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவியை நினைத்தேன், என் நாற்காலியை நினைத்தேன், நீதிபதியின் காலை முகத்தை நினைத்தேன். கடைசியில் சொன்னேன்.

'சான்றாவணத்தின் இரண்டாம் பக்கத்தில் உள்ள விவரங்கள் குறித்து மருத்துவரிடம் கேள்வி எழுப்ப இவ்வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞராகிய நான் தவறிவிட்டேன்.'

அடித்து முடித்துத் தாளை என் முன்னால் வைத்தார். "பழைய பத்திய வுட நீளம் கம்மிதான் சார்" என்றார்.

தபாலில் போட்டால் மனசு மாறிவிடும் என்று பயந்து அன்றே பஸ் ஏறிக் கலெக்டர் அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன். அங்கே பிரிவில் இருந்தவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், தப்பா டைப் ஆயிருக்கு போல. 'தகுதி உண்டு'ன்னு இருக்குது" என்றார். சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. என் பெயரில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அப்பீல் விழுந்தது. நீதிபதிக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. மறுநாள் நான் ஒரு ஜாமீன் மனுவில் பேச எழுந்தபோது, "அரசு வழக்கறிஞர் ஆவணத்தை எல்லாம் படிச்சிட்டுத்தான் பேசுறாரா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. அவர் மாற்றலாகிப் போகும்வரை வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கேட்டார். நானும் அதற்குப் பிறகு படித்துவிட்டுத்தான் பேசினேன். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மனசு வரவில்லை.

ஹைகோர்ட் அவசரப்படவில்லை. நாலு வருஷம் கழித்து எடுத்தார்கள். இதற்குள் ஆட்சி மாறியும் என் நாற்காலி மாறவில்லை. அதற்குத் திறமை காரணமல்ல, அந்த நாற்காலிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. அந்த மருத்துவரை மறுபடி கூப்பிட்டு விடுபட்ட விஷயத்தில் சாட்சியம் பதிவுசெய்து அனுப்பும்படி எங்கள் கோர்ட்டுக்கு உத்தரவு வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பத்து நிமிஷத்தில் நான் முடித்த வேலையை நானே மறுபடி செய்ய வேண்டும்.

டாக்டர் அதற்குள் வேறு ஊருக்குப் போய், தலை நரைத்து வந்தார். நான் கேட்டேன். அவர் சொன்னார். அடிபட்டபின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உயிர் இருந்திருக்கும். பாலுக்குள் உயிரோடு விழுந்திருந்தால் மூச்சுக்குழாயில் மாவு இருந்தே தீரும். செத்த பிறகுதான் உடல் தொட்டிக்குள் போயிருக்கிறது. கடலூர் சீனியர் இந்த முறை எட்டுக் கேள்வி கேட்டார். ஒன்றும் அசையவில்லை. இறங்கி வந்த டாக்டரிடம் வராந்தாவில், "சார், இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று நப்பாசையில் கேட்டேன்.

"நீங்க கேக்கலியே சார்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச்சீட்டு எழுதுவதுபோல் சொன்னார்.

விடுதலை ரத்தானது. மேனேஜருக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பில் ஒரு பத்தி என்னைப் பற்றி. 'விசாரணை நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கு நடத்தப்பட்ட விதம் வேதனையளிக்கிறது.' பெயர் போடவில்லை, பெருந்தன்மை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் எழுதிய கருத்துரையின் நகலையே விளக்கமாக அனுப்பினேன். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. சட்ட இதழிலும் அந்தத் தீர்ப்பு வந்தது. உங்களில் ஒருவர் போன மாதம் அந்தப் பத்தியை கோர்ட்டில் மேற்கோள் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். அது யாரைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு நானே மலைக்குப் போனேன். அத்தனை வருஷம் கள்ளக்குறிச்சியில் இருந்தும், சாட்சிகள் மலையிலிருந்து இறங்கி வருவார்களே தவிர நான் ஒரு நாளும் ஏறிப் போனதில்லை. வெள்ளிமலையில் இறங்கி விசாரித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். கறுப்புக் கோட்டை ஏன் போட்டுக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம், அவர் கும்பிட்டு நன்றி சொன்னால் எவ்வளவு அடக்கமாகப் பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வெள்ளச்சி கொல்லையில் விறகு கட்டிக்கொண்டிருந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். நான் மூச்சிரைக்கத் தீர்ப்பைச் சொன்னேன். ஆயுள் தண்டனை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கும்பிடவில்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணக் கேக்காம வுட்டுட்டேம்மா. அதனாலதான் அவன் வெளிய போனான். உங்களுக்கு அஞ்சு வருசம் போச்சு" என்றேன்.

"தெரியுங்க."

"எப்பத் தெரியும்?"

"நீங்க அந்தக் கட்டத் தொறந்து படிச்சிட்டு ஒரு மாரியா உக்காந்தீங்களே, அப்பவே."

"தெரிஞ்சா வேற வக்கீலப் பாத்திருக்கலாமே. மேல புகார் குடுத்திருக்கலாமே. ஏன் பேசாம இருந்தீங்க?"

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"வேற ஒருத்தருக்கு இது இன்னொரு கேஸுங்க. உங்களுக்குத்தான் தூக்கம் வராது."

அவர் எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, விறகுக் கட்டைக் காட்டினார்.

"கொஞ்சம் தூக்கி வுடுங்க."

கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுத் தூக்கி வைத்தேன். என் சர்வீஸில் ஒரு கட்சிக்காரர் கேட்டு, கேட்ட உடனே நான் செய்துகொடுத்த வேலை அது ஒன்றுதான்.